லண்டன் காயில்

மைசூரிலிருந்து அக்கா மகன் கூப்பிட்டான் என்றால் இரண்டே விஷயம்தான். ஒன்று அம்மாவுக்கு உடம்பு சரியில்லை. இல்லையென்றால் அவன் காருக்கு உடம்பு சரியில்லை. இந்தத் தடவை கார்.

"மாமா, லீவுக்கு வர்றீங்கல்ல, அப்படியே நாலு காயில் வாங்கிட்டு வந்துருங்க."

"காயிலா? கொசுவத்தியா மாப்ளே? பர்மிங்காம்ல ஏதுடா கொசு?"

"அய்யோ மாமா, இக்னிஷன் காயில்! சிவப்புத் தொப்பி வெச்சது. ஒரிஜினலா இருக்கணும். இங்க ஒரு தடவை ஏமாந்தாச்சு."

பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்த தங்கமணி ஆரம்பித்துவிட்டார். "பெட்டி ஏற்கெனவே 23 கிலோ. சாக்லேட்டை எடுத்துட்டு இரும்பை வைக்கப் போறீங்களா?" நியாயமான கேள்விதான். ஆனால் அவன் எப்படி ஏமாந்தான் என்று சொன்ன பிறகு சாக்லேட் தானாகவே வெளியே வந்துவிட்டது. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன் கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கொள்கிறேன். தலைப்பே காயில்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள் :-)

எங்கள் ஊர் கோபிநத்தம். மைசூர் மாவட்டம் என்று சொல்லித்தான் வளர்ந்தோம். 1997-ல் பிரித்தபோது சாமராஜநகர் மாவட்டத்துக்குப் போய்விட்டது. கர்நாடக மண், வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் கன்னடம், காவிரிக்கு அக்கரையில் ஒகேனக்கல். ஊர்ப் பேரைச் சொன்னதும் எல்லோரும் ஒரே ஆளைப் பற்றித்தான் கேட்பார்கள். அந்த மீசைக்காரர் இந்தக் கதையின் நாயகர் இல்லை. ஆனால் அவர் இல்லாமல் எங்கள் ஊர்ச் சாலையைப் பற்றிப் பேசவும் முடியாது.

அப்பா அந்த ஊரில் ஒரு கான்ட்ராக்டரிடம் ஜீப் ஓட்டினார். மகேந்திரா பெட்ரோல் ஜீப். ஓட்டுநரும் அவரே, மெக்கானிக்கும் அவரே. சாவியை 'ஆன்' செய்துவிட்டு இன்ஜின் ஓடாமல் வண்டியை நிறுத்தி வைத்தால் அப்பாவுக்குக் கெட்ட கோபம் வரும். "காயில் வெந்து போயிடும்டா!" என்று கத்துவார். ஏன் வேகும் என்று எனக்கு இன்ஜினியரிங் படிக்கும்போதுதான் புரிந்தது.

பேட்டரி கொடுப்பது வெறும் 12 வோல்ட். பெட்ரோல் புகையைப் பற்றவைக்கும் பொறிக்கோ 20,000 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நடுவில் இருக்கும் மந்திரவாதிதான் காயில். ஒரு இரும்புத் துண்டைச் சுற்றித் தடித்த கம்பி சுமார் 200 சுற்று, அதே இரும்பைச் சுற்றி மயிரிழைக் கம்பி சுமார் 20,000 சுற்று. தடித்த கம்பியில் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று அறுத்துவிட வேண்டும். வேகமாக ஓடும் வாய்க்காலில் திடீரென்று பலகையைப் போட்டால் தண்ணீர் எம்பிக் குதிக்குமே, அதுபோல மெல்லிய கம்பியில் மின்னழுத்தம் எகிறும். அறுக்கிற வேலை அந்தக் காலத்தில் 'பாயின்ட்' என்ற சின்ன சுவிட்சுக்கு. பாயின்ட் மூடியபடி வண்டி நின்றிருந்து, சாவியும் ஆனில் இருந்தால், கரண்ட் அறுபடாமல் ஓடி ஓடிக் காயில் சூடாகும். அப்பாவின் இயற்பியல் சரிதான்.

இதைக் கண்டுபிடித்தவர் கார்க்காரர் இல்லை, ஒரு பாதிரியார். அயர்லாந்தில் மேனூத் கல்லூரியில் பாடம் நடத்திய நிக்கோலஸ் கேலன், 1836-ல். பாரிஸில் கடை வைத்திருந்த ரூம்கார்ஃப் 1851 வாக்கில் அதை நன்றாகச் செய்து விற்றார். 1864-ல் மூன்றாம் நெப்போலியன் ஏற்படுத்திய வோல்டா பரிசு, 50,000 பிராங்க், அவருக்குத்தான் போனது. பாதிரியார் பேர் பல காலம் யாருக்கும் தெரியவில்லை. 1886-ல் பென்ஸ் காப்புரிமை வாங்கிய மூன்று சக்கர வண்டியிலும் இந்த வகைக் காயில்தான் பொறி தந்தது.

ஒரு வேடிக்கை பாருங்கள். 1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி காரில் நாலு சிலிண்டருக்கு நாலு காயில், ஒவ்வொன்றும் ஒரு மரப்பெட்டிக்குள். 1910 வாக்கில் அமெரிக்காவில் கெட்டரிங் என்பவர் ஒரே காயிலை வைத்து, டிஸ்ட்ரிபியூட்டர் மூலம் எல்லா சிலிண்டருக்கும் பொறியைப் பங்குபோடும் வழியைக் கொண்டுவந்தார். அம்பாசிடர், பத்மினி, அப்பாவின் ஜீப் எல்லாம் அந்த வம்சம். எண்பது வருஷம் அது ஆண்டது. பிறகு கம்ப்யூட்டர் வந்து டிஸ்ட்ரிபியூட்டரைத் தூக்கி எறிந்துவிட்டு, மறுபடியும் சிலிண்டருக்கு ஒரு காயில் என்று பழைய இடத்துக்கே வந்து நிற்கிறோம். மரப்பெட்டிக்குப் பதில் பிளாஸ்டிக், அவ்வளவுதான்.

இப்போது நான் இருக்கும் ஊருக்கு வருகிறேன். நான் பர்மிங்காமுக்கு வந்தது சாஃப்ட்வேர் ஆணி பிடுங்க. வந்து ரொம்ப நாள் கழித்துத்தான் ஹாக்லியில் கிரேட் கிங் ஸ்ட்ரீட் என்ற தெருவின் மகிமை தெரிந்தது. ஜோசப் லூகாஸ் என்பவர் 1860-களில் இந்த ஊரில் மண்ணெண்ணெயும் விளக்கும் விற்க ஆரம்பித்தவர். அவர் கம்பெனி சைக்கிள் விளக்கு, கார் விளக்கு, டைனமோ, காயில் என்று வளர்ந்து, பிரிட்டிஷ் வண்டி என்றாலே மின்சாமான் லூகாஸ் என்று ஆனது. வெள்ளைக்காரர்கள் அந்தக் கம்பெனிக்கு வைத்த பட்டப்பேர் 'இருட்டின் இளவரசன்'. விளக்கு எப்போது அணையும் என்று சொல்ல முடியாதாம்! எங்கள் அப்பாவோ லூகாஸ் என்றால் சாமி பேர் சொன்ன மாதிரி கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அந்த பக்திக்கு ஒரு சரித்திரக் காரணம் உண்டு. யுத்த காலத்தில் ஆரம்பித்த இறக்குமதிக் கட்டுப்பாட்டை 1947-ல் சட்டமாகவே ஆக்கிவிட்டார்கள். லைசென்ஸ் இல்லாமல் வெளிநாட்டிலிருந்து ஒரு திருகாணி வர முடியாது. 1953-ல் இன்னொரு முடிவு: உதிரி பாகத்தை இறக்கி இங்கே பூட்டி மட்டும் விற்கிற கார் கம்பெனிகளுக்கு இனி இடமில்லை, படிப்படியாக உள்ளூரிலேயே செய்பவர்கள் மட்டும் இருக்கலாம். 1920-களிலிருந்து இங்கே இருந்த ஜெனரல் மோட்டார்ஸும் ஃபோர்டும் 1954-க்குள் மூட்டை கட்டின. மிஞ்சியவர்களுக்கு உள்ளூர்க் காயில் வேண்டும், உள்ளூர் டைனமோ வேண்டும். யார் செய்வது?

மதுரையில் பஸ் ஓட்டி வளர்ந்த டி.வி. சுந்தரம் ஐயங்காரின் குடும்பம் லூகாஸோடு சேர்ந்து 1961-ல் லூகாஸ்-டிவிஎஸ் ஆரம்பித்தது. தொழிற்சாலை சென்னை பாடியில். பர்மிங்காம் வரைபடம், பாடி கைகள். அதற்குப் பிறகு நம் ஊர்ச் சாலைகளில் ஓடிய பெட்ரோல் வண்டிகளில் பெரும்பாலும் பாடியில் சுற்றிய காயில்தான். ஆனால் ஜனங்கள் நம்பினார்களா? 'லோக்கல்' என்பது திட்டு வார்த்தையாகவும், 'பாரின்' என்பது பாராட்டாகவும் ஆனது இந்தக் காலத்தில்தான் என்பது என் கணிப்பு. கிடைக்காத சரக்குக்கு எப்போதும் ஒரு ஒளிவட்டம் இருக்கும். ராஜாஜி 'லைசென்ஸ் பெர்மிட் கோட்டா ராஜ்யம்' என்று திட்டினாரே, அதன் இன்னொரு விளைபொருள் இந்த ஒளிவட்டம். சென்னையில் 1969-ல் பர்மா அகதிகளுக்காக ஒதுக்கிய நடைபாதைக் கடைகள் சீக்கிரமே 'பாரின் சாமான்' சந்தை ஆனதும் இதனால்தான்.

எங்கள் மைசூரிலும் ஒரு கதை நடந்தது. ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் யாதவகிரியில் ஐடியல் ஜாவா தொழிற்சாலை. 1961-ல் ஜெயசாமராஜ உடையார் திறந்து வைத்தார். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா பைக்கை இங்கே செய்தார்கள். முதலில் செக் பாகங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளூர்ப் பாகங்கள், 1973-ல் பேரே யெஸ்டி என்று மாறியது. சித்தப்பா அங்கே வேலை பார்த்தார். அவர் சொல்வார்: "நம்ம கையால சுத்தின சாமான்ல வண்டி நல்லா ஓடினாலும், வாங்க வர்றவன் செக் காயில் இருக்கா சார்னுதான் கேப்பான்." தொழிற்சாலை 1996-ல் மூடிவிட்டது. இன்றைக்கும் யெஸ்டி பைத்தியங்கள் செக் நாட்டிலிருந்து பாகங்கள் வரவழைக்கிறார்கள். சித்தப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார்.

ரேஸ்காரர்கள் பாடு இன்னும் மோசம். யுத்த காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில் ரேஸ் நடந்தபோது, 1953-ல் ஆரம்பித்த மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதை நடத்தியது. பணக்காரர்கள் வெளிநாட்டு ரேஸ் கார்களையே கொண்டுவந்தார்கள். மற்றவர்கள் ஃபியட்டையும் ஹெரால்டையும் பிரித்துப் பிரித்து மேய்ந்தார்கள். இதற்கு நேர்மாறாக யோசித்தவர் கோயம்புத்தூர் கரிவர்தன். ஊரெங்கும் கிடைக்கும் மாருதி 800 இன்ஜினை வைத்தே 1980-களின் கடைசியில் 'ஃபார்முலா மாருதி' என்று ரேஸ் கார் செய்துவிட்டார். உதிரி பாகம் தெருமுனைக் கடையிலேயே கிடைக்கும்! நரேன் கார்த்திகேயன் ஆரம்பத்தில் ஓட்டிப் பழகிய வண்டிகளில் அதுவும் ஒன்று. 1995-ல் விமான விபத்தில் கரிவர்தன் போய்விட்டார். என்னைக் கேட்டால் இந்தக் காயில் புராணத்தில் புத்திசாலி அவர்தான்.

அப்பா புத்திசாலியா என்பதைக் கடைசியில் நீங்களே சொல்லுங்கள். 1978-ல் ஜீப்புக்குக் காயில் போய்விட்டது. மேட்டில் மிஸ்ஸிங் அடிக்கும், ஈரத்துணியைக் காயிலில் சுற்றினால் கொஞ்ச தூரம் ஓடும், மறுபடி நிற்கும். அப்பா மைசூர் போய், செய்தித்தாளில் சுற்றிய ஒரு புதுக் காயிலோடு வந்தார். "லண்டன் காயில்" என்று ஊருக்கே காட்டினார். சில வருஷம் கழித்துக் கான்ட்ராக்டர் அந்த ஜீப்பில் டீசல் இன்ஜினை ஏற்றினார். டீசலுக்குப் பொறி வேண்டாம், அழுத்தத்திலேயே பற்றிக்கொள்ளும். வேலையிழந்த லண்டன் காயில் எங்கள் வீட்டு மரப்பெட்டிக்குள் துணி சுற்றிப் போய்விட்டது. எங்களைத் தொடவும் விடமாட்டார்.

பிறகு அந்த வருஷங்கள் வந்தன. எங்கள் ஊர் மாரியம்மன் கோயிலைக் கட்டிக்கொடுத்த வன அதிகாரி ஸ்ரீனிவாஸ் 1991 நவம்பரில் கொல்லப்பட்டார். 1993 ஏப்ரல் 9 அன்று பாலாற்றுப் பக்கம் கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் போலீஸ், நடுவில் நாங்கள். இருட்டுவதற்குள் பாலாற்றைத் தாண்டியாக வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம் ஆனது. 2004 அக்டோபரில் வீரப்பன் கதை முடிந்தது. அம்மாவின் சட்டம் மட்டும் முடியவில்லை. இன்றைக்கும் மைசூரிலிருந்து ஊருக்குக் கிளம்பினால் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சூரியனைப் பார்ப்பார்.

இதை மனதில் வைத்துக்கொண்டு மருமகன் கதையைக் கேளுங்கள்.

1991-க்குப் பிறகு கதவு திறந்தது. அந்த வருஷ பட்ஜெட்டில் உச்ச சுங்கவரியைக் 'குறைத்து' 150 சதவீதம் ஆக்கினார்கள் என்றால் அதற்கு முன் எப்படி இருந்திருக்கும்! 2001-ல் ஸ்கோடா இந்தியாவுக்கு வந்தது. அடுத்த சில வருஷத்தில் ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 லிட்டர் டர்போ, 150 குதிரைத்திறன். அன்றைக்கு நம் சாலையில் அது ஒரு ராக்கெட். மருமகன் வைத்திருப்பது அதில் ஒன்று, மூன்றாம் கை. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதும் அதைப் பற்றித்தான் பேசினான்.

அந்த இன்ஜின் குடும்பத்துக்கு ஒரு சாபம் உண்டு. காயில் நேராக பிளக்கின் தலையில் உட்கார்ந்திருக்கும். கொதிக்கிற இன்ஜின் மேலேயே வாழ்க்கை. சூடேறி, ஆறி, சூடேறி உள்ளே விரிசல் விடும். 2002 வாக்கில் அமெரிக்காவில் ஃபோக்ஸ்வாகன், ஆடி வண்டிகளில் காயில்கள் வரிசையாகச் செத்தன. மாற்றக் காயில் கிடைக்காமல் ஜனங்கள் வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். 2003 ஜனவரியில் கம்பெனியே சுமார் ஐந்து லட்சம் வண்டிகளுக்குக் காயிலை மாற்றித் தருவதாக அறிவித்தது. அதன் பிறகு இந்த இன்ஜின்காரர்கள் கண்டுபிடித்த வைத்தியம்தான் சிவப்புத் தொப்பி: ஆடி ஆர்8 காருக்காக வந்த காயில். ஒரு அடாப்டர் தட்டை வைத்துப் பூட்டினால் பழைய 1.8 டர்போவிலும் உட்காரும்.

மருமகன் வண்டியில் டர்போ அழுத்தத்தைக் கூட்டி 'மேப்' வேறு போட்டிருந்தான். அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி குதிக்க இன்னும் அதிக வோல்ட் வேண்டும். சாதாரணக் காயில் திணறும். அதனால் வெளிநாட்டு இணையக் கடை ஒன்றில் நாலு சிவப்புத் தொப்பி தேடிப் பிடித்தான். நாலுக்கும் சேர்த்து ஒரு ஒரிஜினலின் விலை. அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். பெட்டி அழகு, அச்சு அழகு, தொப்பியும் சிவப்பு.

இரண்டு மாதம் ஓடியது. அம்மாவையும் அக்காவையும் ஏற்றிக்கொண்டு கொள்ளேகால், அனூர் தாண்டி, தாளபெட்டாவில் மலை ஏறும்போது ஆரம்பித்தது. ஏற்றத்தில்தான் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகம், நோஞ்சான் காயில் அங்கேதான் கைவிடும். இன்ஜின் விளக்கு கண்ணடித்தது, வண்டி உதறியது, மூன்று சிலிண்டரில் இழுத்துக்கொண்டு ஒரு வளைவில் ஓரமாக நின்றது. மணி ஆறு. போனில் சிக்னல் இல்லை. அம்மா வாயே திறக்கவில்லையாம். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு காட்டைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாராம். அக்கா சொல்லும்போது எனக்கு இங்கே பனியிலும் வேர்த்தது.

நல்லவேளை, பழைய காயில் ஒன்றை மடையன் டிக்கியில் போட்டு வைத்திருந்தான். ஒவ்வொரு காயிலாகப் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்து, எதைப் பிடுங்கினால் சத்தம் மாறவில்லையோ அதுதான் செத்தது என்று கண்டுபிடித்து, செல்போன் வெளிச்சத்தில் மாற்றினான். வீட்டுக்குப் போய் அறுத்துப் பார்த்தால், உள்ளே ரெசின் பாதி இடத்தில் பிடிக்கவே இல்லை, காற்றுக் குமிழி. இருபதாயிரம் வோல்ட்டுக்குக் காற்றுக் குமிழி என்பது திறந்த கதவு.

ஆகவே சாக்லேட் வெளியே, காயில் உள்ளே. ஆடி டீலரின் பார்ட்ஸ் கவுன்டரில் போய்க் கேட்டேன். "உங்களிடம் ஆர்8 இருக்கிறதா?" என்று அவர் மரியாதையோடு நிமிர்ந்தார். "இல்லை, மைசூரில் ஒரு பழைய ஸ்கோடா இருக்கிறது" என்றேன். மரியாதை போய்விட்டது :-( பார்சலில் 'கிஃப்ட்' என்று எழுதி அனுப்பும் வழியும் இப்போது கிடையாது. பரிசுப் பொருளுக்கு இருந்த வரிச்சலுகையை 2019 டிசம்பரில் எடுத்துவிட்டார்கள். பில்லோடு கையில் கொண்டுபோய்க் காட்டிவிடுவதுதான் நிம்மதி. இதைப் படிக்கும் யாராவது ஊருக்கு உதிரி பாகம் கொண்டுபோவதாக இருந்தால் அதைத்தான் சொல்வேன்.

மைசூரில் பூட்டும்போது நானும் பக்கத்தில் நின்றேன். மெக்கானிக் முதலில் காயிலைத் தொடவே இல்லை. கனெக்டர் பட்டையைக் காட்டினார், சூட்டில் பிஸ்கெட் மாதிரி பொடிந்தது. பிளக்கைக் கழற்றிக் காட்டினார், இடைவெளி தேய்ந்து அகன்று கிடந்தது. "இதை விட்டுட்டு எந்த ஊர் காயில் போட்டாலும் ஆறு மாசம்தான் சார்" என்றார். மூன்றையும் சரி செய்தோம். "குதிரைத்திறன் எவ்வளவு கூடும் மாமா?" என்றான் மருமகன். ஒன்றும் கூடாது மாப்ளே, இருப்பது கீழே சிந்தாது, அவ்வளவுதான் என்றேன். முகம் தொங்கிவிட்டது.

அடுத்த நாள் ஊருக்குப் போனோம். தாளபெட்டா ஏற்றத்தில் அம்மா சூரியனைப் பார்த்தார், நான் இன்ஜின் விளக்கைப் பார்த்தேன். இரண்டும் ஒழுங்காக இருந்தன.

கோபிநத்தத்தில் அப்பாவிடம் சிவப்புத் தொப்பியைக் காட்டினேன். புரட்டிப் பார்த்து, "பிளாஸ்டிக்கா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, மரப்பெட்டியைத் திறக்கச் சொன்னார். நாற்பத்தைந்து வருஷத்துக்கு மேல் தொடவிடாத அந்தக் காயில் முதல் தடவையாக என் கைக்கு வந்தது. நான் தினமும் கடந்து போகும் ஊரின் சாமான், கிரேட் கிங் ஸ்ட்ரீட்டிலிருந்து கோபிநத்தத்துக்கு வந்தது! லூகாஸ் கம்பெனி 1996-ல் வேறொன்றோடு இணைந்து, 1999-ல் கைமாறி, பர்மிங்காமில் பேர்கூட மங்கிவிட்டது. பாடியில் மட்டும் அந்தப் பேர் இன்னும் பலகையில் இருக்கிறது. உணர்ச்சிவசப்பட்டு மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். அழுக்குக்கு அடியிலிருந்து எழுத்து ஒவ்வொன்றாக வந்தது.

லூகாஸ் - டிவிஎஸ். மேட் இன் இந்தியா.

சொல்வதா வேண்டாமா என்று ரொம்ப நேரம் தவித்தேன். எண்பதைத் தாண்டிய மனுஷன், இத்தனை வருஷ நம்பிக்கை. கடைசியில் மெதுவாக, "அப்பா, இது மெட்ராஸ்ல செஞ்சதுப்பா" என்றேன்.

வெற்றிலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "எனக்குத் தெரியாதாக்கும்? லண்டன் காயில்னு சொன்னாத்தான்டா அந்த ஆளு காசு குடுத்தான்."